வோல்டேஜ் யூனிட் மாத்துறப்போ விடை தப்பா வருதா? எத்தனை மடங்கு தப்புன்னு பாத்தே கோளாறை கண்டுபிடிக்கலாம்

வோல்ட்டை மில்லிவோல்ட்டா மாத்துறது, மைக்ரோவோல்ட்டா மாத்துறது, ஆர்எம்எஸ்ல (ஏசி வோல்டேஜ் எவ்வளவு டிசி வோல்டேஜுக்கு சமமா சூடு பண்ணும்ங்கற அளவு) இருந்து பீக் (அலையோட உச்சி), வோல்ட்ல இருந்து டெசிபல்னு எதை மாத்தினாலும் விடை ஒத்து வரலன்னா நிறைய பேர் உடனே கணக்கை முதல்ல இருந்து திரும்ப போடுறாங்க, திரும்பவும் அதே தப்பு விடைதான் வரும், ஏன்னா கூட்டல் பெருக்கல்ல தப்பே இருக்காது, கையில இருக்கற நம்பர் எந்த யூனிட்ல இருக்குன்னு நினைச்சோம் பாருங்க, அங்கதான் தப்பு இருக்கும். அதனால திரும்ப போடாதீங்க. வந்த விடையை வர வேண்டிய விடையால வகுத்துப் பாருங்க. அந்த மடங்கு 1000-ஆ, 1.41-ஆ, 1.73-ஆ, 2-ஆன்னு பாத்தாலே கோளாறு எங்கன்னு முக்காவாசி தெரிஞ்சிடும்.

வர வேண்டிய விடை தெரிஞ்சா நான் ஏன்பா கணக்கு போடுறேன்னு கேக்கலாம். துல்லியமா தெரிய வேணாம், எந்த அளவுல இருக்கணும்னு ஒரு உத்தேசம் போதும். மூளை அலையை எடுக்கற ஈஈஜி சிக்னல் சில பத்து மைக்ரோவோல்ட்தான் இருக்கும், இதயத்தை எடுக்கற ஈசிஜி கிட்டத்தட்ட 1 மில்லிவோல்ட், சூடு அளக்கற கே டைப் தெர்மோகப்புள் ஒரு டிகிரிக்கு சுமார் 41 மைக்ரோவோல்ட் குடுக்கும், சாதா பென்சில் பேட்டரி 1.5 வோல்ட், லித்தியம் செல் ஃபுல் சார்ஜ்ல 4.2, யூஎஸ்பி 5, கார் பேட்டரி 12, வீட்டு கரண்ட் நாட்டைப் பொறுத்து 120 இல்ல 230, டவர் லைன்ல 400 கிலோவோல்ட் 765 கிலோவோல்ட்னு போகும், சீனாவுல ஒரு டிசி லைன் 1100 கிலோவோல்ட்ல ஓடுது, அதாவது 1.1 மெகாவோல்ட். இந்த ஏணி மனசுல நின்னுட்டா தெர்மோகப்புள் 4 வோல்ட் குடுக்குதுன்னு விடை வந்ததும் கை தானா நின்னுடும்.

இனி அறிகுறி ஒவ்வொண்ணா பாப்போம்.

விடை சரியா 1000 மடங்கு ஜாஸ்தி, இல்ல 1000-ல ஒரு பங்கு

ரொம்ப அதிகமா வர்ற கேஸ் இதுதான். நேனோ, மைக்ரோ, மில்லி, வோல்ட், கிலோ, மெகான்னு ஒவ்வொரு படியும் 1000 மடங்கு, எங்கயோ ஒரு படி விட்டுப் போச்சுன்னு அர்த்தம். விட்டுப் போன இடம் எதுன்னு தேட நாலு இடம் இருக்கு.

முதல் இடம், நடுவுல வர்ற பெருக்கல். 5 மில்லிஆம்பியர் 2 கிலோஓம் வழியா போகுது, வோல்டேஜ் என்னன்னா 5-ஐ 2-ஆல பெருக்கினா 10, இது 10 வோல்ட்தான், மில்லியும் கிலோவும் ஒண்ணை ஒண்ணு அடிச்சிக்கும். ஆனா மில்லிஆம்பியர்ல ஆரம்பிச்சதால விடையும் மில்லிவோல்ட்னு எழுதிடுவாங்க, அங்க போச்சு 1000 மடங்கு. மில்லிஆம்பியர் × ஓம் = மில்லிவோல்ட், மில்லிஆம்பியர் × கிலோஓம் = வோல்ட், மைக்ரோஆம்பியர் × மெகாஓம் = வோல்ட், இந்த மூணும் மனப்பாடமா இருந்தா நல்லது. சந்தேகமா இருந்தா எல்லாத்தையும் வெறும் ஆம்பியர், வெறும் ஓம், வெறும் வோல்ட்டுக்கு கொண்டு வந்துட்டு பெருக்குங்க, கடைசியில ஒரே ஒரு தடவை மட்டும் மில்லியா மாத்துங்க.

ரெண்டாவது, மைக்ரோ குறி. இது கொஞ்சம் விவகாரமானது, கணக்கு பக்கமே இல்லாத காரணம். மைக்ரோவுக்கு போடுற மியூங்கற கிரேக்க எழுத்தை பழைய டாக்குமென்ட்ல சிம்பல் ஃபான்ட் வச்சு அடிச்சிருப்பாங்க, அதுல கீபோர்டுல சின்ன எம் அடிச்சாதான் மியூ வரும். அந்த ஃபைலை வேற இடத்துக்கு காப்பி பண்ணினா ஃபான்ட் போயிடும், எழுத்து மட்டும் எம்மா நிக்கும், 50 மைக்ரோவோல்ட்னு இருந்தது 50 மில்லிவோல்ட் ஆயிடும். பாக்கறவருக்கு சந்தேகமே வராது, ஏன்னா மில்லிவோல்ட்டும் நியாயமான யூனிட்தானே. டேட்டாஷீட்ல இருந்து காப்பி பேஸ்ட் பண்ணின டேபிள்ல விடை 1000 மடங்கு ஒத்து வரலன்னா மூல பிடிஎஃப்பை திறந்து கண்ணால பாருங்க. இதோட சொந்தக்காரப் பிரச்சினை ஒண்ணு இருக்கு: யூனிகோடுல மைக்ரோ குறிக்கு ஒரு எண், கிரேக்க மியூ எழுத்துக்கு வேற எண், கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும், ஆனா ஸ்ப்ரெட்ஷீட்ல தேடினா ஒண்ணு கிடைக்கும் இன்னொண்ணு கிடைக்காது, அதனால பாதி வரிசை மட்டும் மாறி மீதி அப்படியே நிக்கும். ஷீட்ல யூனிட்டை நம்பரோட ஒட்டி எழுதாம தனி காலம்ல வச்சா இந்த தலைவலியே வராது.

மூணாவது, புள்ளியும் கமாவும். ஜெர்மன் மாதிரி சில மொழி செட்டிங்ல தசமத்துக்கு கமா போடுவாங்க, ஆயிரத்தை பிரிக்க புள்ளி போடுவாங்க. 1.234 வோல்ட்னு மீட்டர் சேவ் பண்ணின சிஎஸ்வி ஃபைலை அந்த செட்டிங்ல இருக்கற கம்ப்யூட்டர்ல திறந்தா 1234 வோல்ட்டா படிச்சிடும். எல்லா வரியும் தப்பா இருந்தாக்கூட பரவாயில்ல, புள்ளிக்கு அப்புறம் மூணு இலக்கம் இருக்கற வரி மட்டும் இப்படி மாறும், மத்தது வேற மாதிரி மாறும் இல்ல எழுத்தாவே நின்னுடும், அதனால கிராஃப் வரைஞ்சா அங்கங்க ஊசி மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும். அந்த ஊசியைப் பாத்து சர்க்யூட்ல நாய்ஸ்னு நினைச்சு கெப்பாசிட்டர் போட ஆரம்பிக்காதீங்க, முதல்ல ஃபைலை சாதா டெக்ஸ்ட் எடிட்டர்ல திறந்து பாருங்க.

நாலாவது மீட்டர், அதுக்கு தனியா கீழ எழுதறேன்.

விடை 10 லட்சம் மடங்கு தப்பு, இல்ல 100 கோடி மடங்கு தப்பு

10 லட்சம் மடங்குன்னா ரெண்டு படி விட்டுப் போயிருக்கலாம், ஆனா அதைவிட அதிகமா நடக்கறது திசை மாறினது. 1000-ஆல வகுக்க வேண்டிய இடத்துல 1000-ஆல பெருக்கினா தப்பு 1000 மடங்கு இல்ல, 1000 × 1000, அதாவது 10 லட்சம். உதாரணமா 250 மில்லிவோல்ட்டை வோல்ட்டா மாத்தினா 0.25 வரணும், பெருக்கிட்டா 2,50,000 வரும். யூனிட் பெருசானா நம்பர் சின்னதாகணும், யூனிட் சின்னதானா நம்பர் பெருசாகணும், மாத்தின உடனே இது ஒண்ணை மட்டும் சரி பாருங்க.

100 கோடி மடங்குன்னா சின்ன எம்மும் பெரிய எம்மும் குழம்பியிருக்கு. சின்ன எம் மில்லி, பெரிய எம் மெகா. எல்லா எழுத்தையும் பெரிய எழுத்தா மாத்துற சாஃப்ட்வேர்ல யூனிட் போட்டா இது நடக்கும், பழைய மெஷின் லேபிள்லயும் எல்லாம் பெரிய எழுத்துலயே இருக்கும். அங்க எழுத்தை நம்பாதீங்க, பொருளைப் பாருங்க. கையில அடங்கற சென்சார் மெகாவோல்ட் குடுக்காது.

மீட்டர்ல நம்பர் விசித்திரமா இருக்கு

பேட்டரியை வச்சா 1530 காட்டுது, இல்ல இடது ஓரத்துல வெறும் 1 மட்டும் நிக்குது. விலை குறைஞ்ச மேனுவல் மீட்டர் பல மாடல்ல டயல்ல 200எம், 2000எம், 20, 200ன்னு போட்டிருக்கும், திரையில யூனிட்டே வராது. டயல் 2000எம்ல இருந்தா திரையில வர்றது மில்லிவோல்ட், 1530ன்னா 1.53 வோல்ட், பேட்டரி நல்லா இருக்கு. அந்த எம்மை கவனிக்காம 2000 வோல்ட் ரேஞ்ச்னு நினைச்சு பெரிய வோல்டேஜ்ல வைக்கறது ஆபத்து, அது 2 வோல்ட் ரேஞ்ச், அதனால வீட்டு கரண்டை அளக்கறதுக்கு முன்னாடி டயலை ஏசி பக்கம் இருக்கற பெரிய ரேஞ்ச்ல வச்சிட்டுத்தான் ப்ரோபை கையில எடுக்கணும். இடது ஓரத்துல 1 மட்டும் நின்னா அது 1 வோல்ட் இல்ல, ரேஞ்சைத் தாண்டிடுச்சுன்னு சொல்லுது, ஒரு ரேஞ்ச் மேல ஏத்துங்க.

ஆட்டோரேஞ்ச் மீட்டர்ல வேற சிக்கல். ப்ரோப் எதையும் தொடாமலே 40, 60ன்னு நம்பர் ஓடும், பாக்கறவங்க 60 வோல்ட்னு பயப்படுவாங்க, திரை ஓரத்துல பொடி எழுத்துல மில்லிவோல்ட்னு இருக்கும். மீட்டரோட இன்புட் ரெசிஸ்டன்ஸ் பொதுவா 10 மெகாஓம், அவ்வளவு ஜாஸ்தியா இருக்கறதால காத்துல இருக்கற கரண்ட் ஹம்மைக்கூட புடிச்சிக்கும். ஆனா ஒரு ஒயர்ல நிஜமாவே வோல்ட்லயே பத்து இருபதுன்னு காட்டினா பக்கத்து லைவ் ஒயர்ல இருந்து கசியற வெத்து வோல்டேஜா இருக்கலாம், நிஜ சப்ளையாவும் இருக்கலாம், லோ இசட் ரேஞ்ச் (இன்புட் ரெசிஸ்டன்ஸ் கம்மியா இருக்கற ரேஞ்ச்) இருக்கற மீட்டர்ல பாத்து உறுதி பண்ற வரைக்கும் அந்த ஒயரை உயிரோட இருக்கறதாவே நினைச்சுக்கோங்க.

விடை 1.41 மடங்கு, இல்ல 2.83 மடங்கு ஒத்து வரல

1.414 பாத்தீங்கன்னா ஆர்எம்எஸ்ஸும் பீக்கும் குழம்பியிருக்கு. 2.828 பாத்தீங்கன்னா ஆர்எம்எஸ்ஸும் பீக் டு பீக்கும் (மேல் உச்சியில இருந்து கீழ் உச்சி வரைக்கும்). சரியா 2 மடங்குன்னா பீக்கும் பீக் டு பீக்கும்.

வீட்டு சப்ளை 230 வோல்ட்னு சொல்றது ஆர்எம்எஸ். அதோட பீக் 325 வோல்ட், பீக் டு பீக் 650 வோல்ட். 120 வோல்ட் சப்ளைன்னா பீக் சுமார் 170, பீக் டு பீக் சுமார் 339. மல்டிமீட்டர் ஏசி ரேஞ்ச்ல ஆர்எம்எஸ் காட்டும், அலையை திரையில வரைஞ்சு காட்டற ஆசிலோஸ்கோப்புல கட்டம் எண்ணினா பீக் டு பீக் வரும், ரெண்டும் ஒத்து வரலன்னு ரெண்டையும் சந்தேகப்படறவங்க நிறைய, ரெண்டுமே சரிதான். மல்டிமீட்டர் நம்பரை 2.828-ஆல பெருக்கிட்டு ஸ்கோப்போட ஒப்பிடுங்க.

இது வெறும் எழுத்து வித்தியாசம் இல்ல, பொருள் வெடிக்கற விஷயம். 230 வோல்ட்டை நேரா டயோடு பிரிட்ஜ் போட்டு டிசி ஆக்கினா ஃபில்டர் கெப்பாசிட்டர் 325 வோல்ட் வரைக்கும் ஏறும், 250 வோல்ட் கெப்பாசிட்டர் போதும்னு போட்டா தாங்காது, அதனாலதான் அந்த இடத்துல 400 வோல்ட் கெப்பாசிட்டரைப் பாப்பீங்க. 12 வோல்ட் ட்ரான்ஸ்ஃபார்மர்ல இருந்து 12 வோல்ட் டிசி எதிர்பாத்து லோடு இல்லாம அளந்தா 15, 16, சமயத்துல 17-கூட காட்டும், ட்ரான்ஸ்ஃபார்மர் கெட்டுப் போகல: 12 × 1.414 = 17, ரெண்டு டயோடுல 1.4 போனா 15.6, லோடு இல்லாதப்போ ட்ரான்ஸ்ஃபார்மரே 12-க்கு மேல குடுக்கும்ங்கறதால அதுக்கும் மேல போகும்.

ஒரு எச்சரிக்கை, 1.414 சைன் அலைக்கு மட்டும். ஸ்கொயர் அலைக்கு பீக்கும் ஆர்எம்எஸ்ஸும் ஒண்ணு, முக்கோண அலைக்கு பீக்கை 1.732-ஆல வகுக்கணும். இன்வெர்ட்டர் அவுட்புட்டுக்கு கண்ணை மூடிக்கிட்டு 1.414 போடாதீங்க.

ரெண்டு மீட்டர் 11 சதவீதம் வேற வேற காட்டுது

விலை குறைஞ்ச மீட்டர் நிஜமா ஆர்எம்எஸ் கணக்கு பண்றதில்ல, அலையை நேர் பண்ணி சராசரி எடுத்து 1.11-ஆல பெருக்கி காட்டும், ஏன்னா சைன் அலைக்கு அந்த மடங்கு சரியா வரும். ஸ்கொயர் அலையை அதுல வச்சா 11 சதவீதம் ஜாஸ்தி காட்டும், முக்கோண அலைன்னா 4 சதவீதம் மாதிரி கம்மி காட்டும். ட்ரூ ஆர்எம்எஸ்னு போட்ட மீட்டர் சரியா காட்டும். ஆக பழைய மீட்டருக்கும் புது மீட்டருக்கும் வீட்டு கரண்ட்ல ஒத்துப் போயி இன்வெர்ட்டர்ல மட்டும் ஒத்துப் போகலன்னா காரணம் இதுதான்.

பிடபிள்யூஎம் (வேகமா ஆன் ஆஃப்னு மாறுற) சிக்னல் வந்தா ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டரும் குழப்பும். 0-க்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவுல பாதி நேரம் ஆன் பாதி நேரம் ஆஃப்னு ஓடுற சிக்னலை டிசி ரேஞ்ச்ல வச்சா 2.5 காட்டும், அது சராசரி. நிஜ ஆர்எம்எஸ் 3.54. ஏசி ரேஞ்ச்ல வச்சா நிறைய ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டரும் 2.5தான் காட்டும், ஏன்னா டிசி பங்கை வெட்டிட்டு மிச்சத்தை மட்டும் அளக்கும். டிசி 2.5, ஏசி 2.5, ரெண்டையும் தனித்தனியா வர்க்கம் பண்ணி கூட்டி வர்க்கமூலம் எடுத்தா 3.54 வந்திடும். ஹீட்டர் எவ்வளவு சூடாகும்ங்கறதுக்கு 3.54 வேணும், மோட்டார் வேகத்துக்கு உத்தேசமா 2.5 போதும், எதுக்கு அளக்கறோம்னு தெரியாம எது சரின்னு சொல்ல முடியாது.

1.73 மடங்கு

மூணு ஃபேஸ். லைன் வோல்டேஜுக்கும் ஃபேஸ் வோல்டேஜுக்கும் நடுவுல ரூட் 3, அதாவது 1.732 இருக்கு. 400 வோல்ட் மூணு ஃபேஸ்னா ரெண்டு ஃபேஸ் ஒயருக்கு நடுவுல 400, ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல 231. 11 கிலோவோல்ட் லைன்னா ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 6.35 கிலோவோல்ட்.

பேனல்ல பிடி (பெரிய வோல்டேஜை அளக்கற அளவுக்கு குறைச்சுக் குடுக்கற பொட்டென்ஷியல் ட்ரான்ஸ்ஃபார்மர்) வழியா அளக்கறவங்களுக்கு இது இன்னும் சிக்கல். 11 கிலோவோல்ட்டுக்கு 110 வோல்ட்னு பிடி இருந்தா மடங்கு 100, ஆனா மீட்டர் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல மாட்டியிருந்தா 63.5 வோல்ட்தான் வரும், 100-ஆல பெருக்கினா 6.35 கிலோவோல்ட். லைன்ல வோல்டேஜ் குறைஞ்சு போச்சுன்னு ஃபோன் பண்றதுக்கு முன்னாடி 11-ஐ 6.35-ஆல வகுத்துப் பாருங்க, 1.73 வந்தா வயரிங் டயாகிராமைப் பாத்தாலே போதும்.

ஸ்கோப்புல 10 மடங்கு, ஜெனரேட்டர்ல 2 மடங்கு

10 மடங்குன்னா ப்ரோப் சுவிட்ச். ப்ரோப் 10எக்ஸ்ல இருந்து சேனல் மெனு 1எக்ஸ்ல இருந்தா பத்துல ஒரு பங்கு காட்டும், மாத்தி இருந்தா பத்து மடங்கு காட்டும். ரெண்டையும் ஒண்ணாக்குங்க, முடிஞ்சது.

2 மடங்கு கொஞ்சம் நுணுக்கம். ஃபங்ஷன் ஜெனரேட்டர்ல 1 வோல்ட் பீக் டு பீக் வச்சிருக்கோம், ஸ்கோப்புல 2 வோல்ட் வருது, யூனிட்ல எந்த குழப்பமும் இல்ல. ஜெனரேட்டருக்குள்ள 50 ஓம் இருக்கு, வெளியிலயும் 50 ஓம் லோடு இருக்கும்னு நினைச்சு, பாதி உள்ள விழுந்து பாதி வெளிய வரும்னு கணக்கு பண்ணித்தான் திரையில 1ன்னு காட்டுது. ஸ்கோப் 1 மெகாஓம், உள்ள எதுவும் விழாது, முழுசா 2 வந்திடும். ஜெனரேட்டர் மெனுவுல லோடை ஹை இசட்னு (ரெசிஸ்டன்ஸ் ரொம்ப ஜாஸ்தியான லோடுன்னு) மாத்துங்க, இல்லன்னா ஸ்கோப் பக்கம் 50 ஓம் டெர்மினேட்டர் மாட்டுங்க. ஹை இசட்ல வச்சிட்டு 50 ஓம் லோடு மாட்டினா இதுக்கு நேர்மாறா பாதிதான் வரும்.

மைக்ரோகன்ட்ரோலர் கோடுல 0 வருது, முழு நம்பரா வருது, மைனஸ் வருது

ஏடிசி (வோல்டேஜை நம்பரா மாத்துற பகுதி) குடுக்கற நம்பரை வோல்ட்டா மாத்துறது ஒரு வரி கோடு, அந்த ஒரு வரியில மூணு பள்ளம் இருக்கு.

10 பிட் ஏடிசி, 5 வோல்ட் ரெஃபரன்ஸ்னா (ஏடிசி முழு அளவா எடுத்துக்கற வோல்டேஜ்) ஒரு படி 5 ÷ 1024, அதாவது 4.88 மில்லிவோல்ட். கோடுல நம்பரை முதல்ல 1024-ஆல வகுத்துட்டு அப்புறம் 5-ஆல பெருக்கினா எப்பவும் 0, ஏன்னா ரெண்டும் முழு எண்ணா இருந்தா மீதியை தூக்கிப் போட்டுடும், 1023-ஐ 1024-ஆல வகுத்தா 0தான். முதல்ல 5-ஆல பெருக்கிட்டு அப்புறம் வகுத்தா 0, 1, 2, 3, 4ன்னு முழு வோல்ட்டா மட்டும் வரும். சரி, மில்லிவோல்ட்ல எடுப்போம்னு 5000-ஆல பெருக்கினா இப்போ மைனஸ் வரும்: ஆர்டுயினோ யூனோ மாதிரி 8 பிட் போர்டுல இன்ட் 32767 வரைக்கும்தான் தாங்கும், ஏடிசி நம்பர் 7 வந்தாலே 7 × 5000 = 35000, தாண்டிடுச்சு. 5000-ஐ 5000.0ன்னு எழுதினா ஃப்ளோட் ஆயிடும், இல்ல பின்னாடி எல் போட்டு லாங் ஆக்குங்க, ரெண்டுல எதுவும் சரி. இதே கோடு 32 பிட் போர்டுல ஒழுங்கா ஓடும், அதனால ஒருத்தருக்கு வேலை செஞ்சது உங்களுக்கு செய்யலன்னா ஆச்சரியப்படாதீங்க.

மூணும் சரி பண்ணியும் அஞ்சாறு சதவீதம் தப்புன்னா ரெஃபரன்ஸை அளந்து பாருங்க. யூஎஸ்பில ஓடுற போர்டுல 5 வோல்ட் பின்ல நிஜமா 4.7தான் இருக்கும் சமயத்துல, கோடு 5ன்னு நம்பிக்கிட்டு 6 சதவீதம் ஜாஸ்தி சொல்லும். 12 பிட், 3.3 வோல்ட் போர்டுக்கு போனா ஒரு படி 0.806 மில்லிவோல்ட், பழைய கோடுல இருந்த 1024-ம் 5-ம் ரெண்டையும் மாத்தணும், ஒண்ணை மாத்தி ஒண்ணை விட்டா வர்ற தப்பு கண்டுபிடிக்க கஷ்டமானது.

ரெண்டு ரெசிஸ்டர்ல வோல்டேஜை குறைக்கற டிவைடர் போட்டு அளக்கறவங்களுக்கு விடை 9 சதவீதம் கம்மியா வந்தா: 100 கிலோஓமும் 10 கிலோஓமும் போட்டா மடங்கு 10 இல்ல, 11. மேல இருக்கற 100-ஐ மட்டும் பாக்கக் கூடாது, 110-ஐ 10-ஆல வகுக்கணும். சரியா 10 வேணும்னா 90-ம் 10-மா போடணும்.

டெசிபல்ல விடை ஒத்து வரல

இதுக்கு பொறுமையா உக்காருங்க, ஏன்னா இங்க மடங்கு தெரியாது, கழிச்சா வர்ற வித்தியாசம்தான் அடையாளம்.

டெசிபல்னு சொன்னா எதை ஒப்பிட்டுன்னு கேக்கணும். டிபிவின்னா 1 வோல்ட்டை ஒப்பிட்டு, டிபியூன்னா 0.775 வோல்ட்டை ஒப்பிட்டு, டிபிமில்லிவோல்ட்னா 1 மில்லிவோல்ட், டிபிமைக்ரோவோல்ட்னா 1 மைக்ரோவோல்ட். 0.775 எங்கிருந்து வந்துச்சுன்னா 600 ஓம்ல 1 மில்லிவாட் விழ அவ்வளவு வோல்ட் வேணும், பழைய டெலிபோன் லைன் கணக்கு. எல்லாமே ஆர்எம்எஸ்.

வித்தியாசம் 2.2 வந்தா டிபிவியும் டிபியூவும் மாறிப் போச்சு. ஆடியோ வேலையில இது தினமும் நடக்கும்: ஸ்டுடியோ கருவி +4 டிபியூ, வீட்டு கருவி -10 டிபிவி, ரெண்டுக்கும் வித்தியாசம் 14ன்னு நிறைய பேர் சொல்லுவாங்க, நிஜத்துல 11.8. வோல்ட்ல பாத்தா +4 டிபியூ 1.228 வோல்ட், -10 டிபிவி 0.316 வோல்ட்.

வித்தியாசம் 60 வந்தா மில்லிவோல்ட்டும் மைக்ரோவோல்ட்டும் மாறியிருக்கு. கேபிள் டிவி மீட்டர் ஒண்ணு 10 டிபிமில்லிவோல்ட்னு சொல்லும், இன்னொண்ணு 70 டிபிமைக்ரோவோல்ட்னு சொல்லும், சிக்னல் ஒண்ணுதான், 3.16 மில்லிவோல்ட். வித்தியாசம் 3 வந்தா பீக்கை ஆர்எம்எஸ் இடத்துல போட்டிருக்கீங்க, 9 வந்தா பீக் டு பீக்கை போட்டிருக்கீங்க.

டெசிபல் விடையே சரியா இரு மடங்காவோ பாதியாவோ வந்தா 20-க்கு பதிலா 10 (இல்ல 10-க்கு பதிலா 20) போட்டாச்சு. வோல்டேஜுக்கு 20 லாக், பவருக்கு 10 லாக், ஏன்னா பவர் வோல்டேஜோட வர்க்கத்தைப் பொறுத்தது. 40 டெசிபல்னா வோல்டேஜ் 100 மடங்கு, 10 போட்டு கணக்கு பண்ணினா 10000 மடங்குன்னு வந்து நிக்கும். கால்குலேட்டர்ல 10 அடிமான லாக்தானான்னும் ஒரு தடவை பாருங்க, சில ப்ரோக்ராம் மொழியில லாக்னு எழுதினா இயல் மடக்கை எடுத்துக்கும், அப்போ விடை 2.3 மடங்கு பெருசா வரும்.

டிபிஎம்ல (1 மில்லிவாட்டை ஒப்பிட்டு சொல்ற பவர் டெசிபல்) இருந்து டிபிமைக்ரோவோல்ட்டுக்கு போகணும்னா ஓம் தெரியாம போக முடியாது. 50 ஓம்னா 107 கூட்டணும், 75 ஓம்னா 108.75. ரேடியோ டெஸ்ட் கருவியில பெரும்பாலும் 50, டிவி கேபிள்ல 75, உங்க விடை 1.75 தள்ளி இருந்தா இதைத் தவிர வேற எதையும் தேட வேணாம்.

வோல்ட்டை வாட்டா மாத்த முடியல

மாத்த முடியாது, அது உங்க தப்பு இல்ல. வோல்ட் ஒரு அளவு, வாட் வேற அளவு, நடுவுல எத்தனை ஆம்பியர் போகுதுன்னு தெரியணும், தெரிஞ்சா பெருக்கினா வாட். ஆம்பியரோ ஓமோ கேக்காம வோல்ட்டை வாட்டா மாத்திக் குடுக்கற எந்த கன்வெர்ட்டரையும் நம்பாதீங்க. ஏசில பவர் ஃபேக்டரும் சேந்துக்கும், வெறும் பெருக்கலுக்கு வோல்ட்ஆம்பியர்னுதான் பேரு.

பவர்பேங்க் கணக்கும் இங்கதான் வரும். 10000 மில்லிஆம்பியர்அவர்னு போட்டிருக்கறது உள்ள இருக்கற 3.7 வோல்ட் செல்லுக்கு, அது 37 வாட்அவர், வெளிய 5 வோல்ட்ல வர்றப்போ இழப்பு எதுவும் இல்லன்னாக்கூட 7400தான்.

எலக்ட்ரான்வோல்ட்ங்கறதும் வோல்டேஜ் இல்ல, ஆற்றல். ஒரு எலக்ட்ரான் 1 வோல்ட்டைக் கடக்கறப்போ வாங்கற ஆற்றல், 1.602176634 × 10⁻¹⁹ ஜூல்.

சுமார் 300 மடங்கு, இல்ல 10 கோடி மடங்கு

பழைய ஃபிசிக்ஸ் புத்தகத்துல இருந்து எடுத்த கணக்குன்னா வரும். அங்க சிஜிஎஸ் (சென்டிமீட்டர், கிராம், செகண்ட்) யூனிட்: 1 ஸ்டாட்வோல்ட் = 299.79 வோல்ட், 1 அப்வோல்ட் = 10⁻⁸ வோல்ட். 300 பக்கம் ஒரு மடங்கைப் பாத்தா அது ஒளி வேகத்தோட நம்பர்தான்னு புரிஞ்சிக்கலாம். யூனிட்டை மட்டும் மாத்தினா பத்தாது, அந்த முறையில சூத்திரமே வேற, நாலு பைங்கறது இருக்க வேண்டிய இடத்துல இருக்காது, அதனால அந்த கணக்கை எஸ்ஐ சூத்திரத்துல முதல்ல இருந்து எழுதிடுங்க.

எந்த மடங்குலயும் சேரல

ஒரே ஒரு அளவை வச்சு முடிவு பண்ணாதீங்க, ரெண்டு வேற வேற இடத்துல அளந்து பாருங்க. ரெண்டு இடத்துலயும் மடங்கு ஒண்ணா இருந்தா மேல சொன்னதுல ஏதோ ஒண்ணு, இல்ல ரெண்டு சேந்து வந்திருக்கும் (1414 மடங்குன்னா 1000-ம் 1.414-ம், இப்படி உடைச்சுப் பாருங்க). மடங்கு மாறி, கழிச்சா வர்ற வித்தியாசம் மட்டும் மாறாம இருந்தா அது யூனிட் தப்பே இல்ல, ஆஃப்செட். சூடு அளக்கற எல்எம்35 சென்சார் ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட், 25 டிகிரியில 250 மில்லிவோல்ட் குடுக்கும். டிஎம்பி36-ம் டிகிரிக்கு 10 மில்லிவோல்ட்தான், ஆனா 500 மில்லிவோல்ட் மேல ஏறி உக்காந்திருக்கும், 25 டிகிரியில 750. எல்எம்35 சூத்திரத்தை அதுக்குப் போட்டா 25 டிகிரி 75-ஆவும் 30 டிகிரி 80-ஆவும் வரும், எங்க அளந்தாலும் சரியா 50 ஜாஸ்தி. அங்க பெருக்கறதை தொடாம, மில்லிவோல்ட்ல இருந்து முதல்ல 500-ஐ கழிச்சிட்டு அப்புறம் 10-ஆல வகுங்க.